மஹாலைக் கட்டுனது இத்தாலிக்காரனா? அட போங்கண்ணே!

போன மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலேஜ் சீனியர் ஒருத்தரும் வந்திருந்தார். பேரு வேண்டாம், நல்ல மனுஷன், எனக்கு ரெண்டு அரியர் பேப்பர் க்ளியர் ஆனதே அவர் புண்ணியத்துல. ரெண்டு வருஷம் ஜெர்மனில ஆன்சைட். சனி ஞாயிறெல்லாம் ரயிலேறி ஐரோப்பா பூரா சுத்தியிருக்கார். திரும்பி வந்ததுல இருந்து அண்ணனுக்கு ஒரு தியரி.

"ஏதென்ஸ்ல தூணைப் பார்த்தா பிளேட்டோ புரியும்டா. பாரிஸ்ல பழைய சர்ச்சைப் பார்த்தா தாமஸ் அக்வினாஸ் புரியும். கட்டடம் கட்டடமா நடந்தே மேற்கத்திய சிந்தனை மொத்தத்தையும் படிச்சிரலாம். நம்மூர்ல என்னத்தைப் படிக்கிறது? கோயிலு, கோயிலை விட்டா ட்ராஃபிக்கு. சொல்லிக்கிற மாதிரி இருக்கிறது இந்த மஹால் ஒண்ணு. அதுவும் இத்தாலிக்காரன் கட்டினது."

இதைச் சொன்ன இடம் திருமலை நாயக்கர் மஹால், சொர்க்க விலாசத்துக்கு நேர் எதிர்க்க. சத்தியமா கோவம் வந்துச்சு. அண்ணன்கிட்ட அங்கயே முழுசாக் கத்த முடியல, அதான் இந்தப் பதிவு. பொட்டி தட்டுறவனுக்கு எதுக்கு ஹெகலும் பெந்தாமும்னு கேக்கிறவங்க இங்கிட்டே இறங்கிக்கலாம். :-)

முதல்ல அந்த இத்தாலிக்காரரை ஒரு கை பார்த்துருவோம். சுற்றுலாக் கையேட்ல இருக்கும், கைடுங்க சொல்லுவாங்க, ஸ்கூல் டூர்ல வாத்தியார் சொல்லுவார். நானும் ஏழாப்பு வரைக்கும் நம்பிட்டுத்தான் இருந்தேன். ஆனா அந்த ஆளுக்கு ஒரு பேர் உண்டா? எந்த ஊர்க்காரர், எந்தக் கப்பல்ல வந்தார், நாயக்கர் என்ன சம்பளம் குடுத்தார்? யாரைக் கேட்டாலும் வெறும் "ஒரு இத்தாலிக்காரர்"தான். வட்டத் தூணும் வளைவும் இருந்தா உடனே இத்தாலியா? பூவிதழ் மாதிரி வெட்டு விழுந்த அந்த வளைவுகளோட அண்ணன் தம்பிகளை ஹம்பி லோட்டஸ் மஹால்ல பார்க்கலாம். பிஜாப்பூர், செஞ்சின்னு தேடிப் போனா சொந்தக்காரங்க நிறையவே கிடைப்பாங்க. தக்காண சுல்தான்கள் பாணியும் விஜயநகரத்து அரண்மனைப் பாணியும் கலந்து தெற்க வந்த சரக்கு அது. தூத்துக்குடில போர்ச்சுக்கீசியர் 1530-கள்லயே கடை விரிச்சுட்டதால ஐரோப்பிய வாடை கொஞ்சம் அடிச்சிருக்கலாம், அதை நான் மறுக்கல. ஆனா "கொஞ்சம் வாடை"க்கும் "அவன்தான் கட்டினான்"க்கும் நடுவுல ஒரு வைகையே ஓடுது.

இதுல இன்னொரு தமாஷ். நாம டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மஹால் 1636-ல கட்டினது மட்டும் இல்ல. திருமலை நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்ப இதுல பெரும்பகுதியைப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டார். மிச்சம் இருந்ததும் விழுந்துட்டு இருந்தப்பதான் 1866-ல இருந்து 1872 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு பணம் ஒதுக்கிப் பழுதுபார்க்க வச்சார். அதுல கை வச்ச கட்டடக்கலைஞர் ராபர்ட் சிஷோம். சென்னையில செனட் ஹவுஸ், திருவனந்தபுரத்துல நேப்பியர் மியூசியம் கட்டினாரே, அவரேதான். ஆக மஹால்ல வெள்ளைக்காரன் கை உண்டு. ஆனா அது கட்டின கை இல்ல, இருநூறு வருஷத்துக்கு மேல கழிச்சு வந்து பூசின கை.

அந்தப் பூசின கைக்குப் பின்னாடிதான் விஷயமே இருக்கு. அதே காலத்துல ஐரோப்பாவுல ஒரு பெரிய குடுமிப்பிடி நடந்துட்டு இருந்துச்சு. பழைய கட்டடத்தை அது இருந்திருக்க வேண்டிய முழு வடிவத்துக்குக் கொண்டாரணும்னு பிரான்ஸ்ல வியோலே-லெ-டுக் ஒரு பக்கம். அப்படிப் புதுப்பிக்கிறது பழசைக் கொல்றதுக்குச் சமம்னு இங்கிலாந்துல ரஸ்கின் மறுபக்கம். 1877-ல வில்லியம் மாரிஸ் இதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சார். காலம்னா என்ன, உண்மைன்னா என்ன, இன்னைக்குப் பூசின சுண்ணாம்பு பொய்யாங்கற தத்துவச் சண்டை அது. அதுல ஒரு கட்சியோட தீர்ப்பு நம்ம மஹால் சுவத்துலயே இருக்கு. அண்ணன் அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு, இங்க படிக்க ஒண்ணும் இல்லைங்கறார்!

சரி, அண்ணனோட அக்வினாஸுக்கு வருவோம். கோதிக் சர்ச்சோட அமைப்பும் அக்வினாஸ் காலத்து வாத முறையும் ஒரே மூளைப் பழக்கத்துல இருந்து வந்ததுன்னு 1951-ல பானோஃப்ஸ்கின்னு ஒரு கலை வரலாற்று அறிஞர் புத்தகமே போட்டார். நல்ல புத்தகம்தான். ஆனா அக்வினாஸ் மதுரைக்கு எப்படி வந்தார்னு தெரியுமா? 1606-ல ராபர்ட் தெ நொபிலின்னு ஒரு இத்தாலிய ஜேசு சபைப் பாதிரியார் இங்க வந்தார். (ஆங், பேரோட ஊரோட ஒரு நிஜ இத்தாலிக்காரர்!) காவி கட்டி, கறி மீனை விட்டு, மரக்கட்டைச் செருப்பு போட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கத்துக்கிட்டு, தத்துவ போதகர்னு பேர் வச்சுக்கிட்டார். ஆன்மான்னா என்ன, அதுக்கு அழிவு உண்டான்னு அரிஸ்டாட்டில் வழி, அக்வினாஸ் வழி வாதத்தையெல்லாம் தமிழ் உரைநடைல எழுதி வச்சார். 'ஆத்தும நிர்ணயம்'னு புத்தகமே இருக்கு. கலிலியோவைக் கூப்பிட்டு 1616-ல எச்சரிச்ச கார்டினல் பெல்லார்மின் இருக்காரே, அவருக்கு இவர் சொந்தம். அதாவது ரோம்ல பூமி சுத்துதா இல்லையான்னு பஞ்சாயத்து நடந்த அதே வருஷங்கள்ல, அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒண்ணு மதுரைத் தெருவுல உக்காந்து பிராமணர்களோட தர்க்கம் பண்ணிட்டு இருந்துச்சு.

அவர் குடியிருந்தது? மண் சுவரு, கூரை வீடு. அக்வினாஸ் இங்க வந்து இறங்கினது அதுலதான். தூணும் இல்ல, வளைவும் இல்ல, இன்னைக்கு அந்த வீடும் இல்ல. கட்டடத்தைப் பார்த்தா தத்துவம் தெரியும்ங்கற தியரி மதுரைல முதல் ஓவர்லயே க்ளீன் போல்டு. (நொபிலி நம்ம ஜாதியையும் அப்படியே ஒத்துக்கிட்டுத்தான் வேலை பார்த்தார்ங்கறது தனி வில்லங்கம். அதுக்கு ரோம் வரைக்கும் வழக்கு போய் 1623-ல அவருக்குச் சாதகமா முடிஞ்சது. அதைத் தனியாத்தான் எழுதணும்.)

அப்ப மேற்கத்திய சிந்தனையை மதுரைல எங்கதான் பார்க்கிறது? மேற்கு மாதிரி தெரியற இடத்துல தேடாதீங்கங்கறேன். எதை இடிச்சான், எதை விட்டான், எதைக் கழுவித் துடைச்சுக் கயிறு கட்டினான்னு பாருங்க. விளக்குத்தூணுக்குப் போவோம் வாங்க.

மதுரைக்காரனுக்கு விளக்குத்தூண்னா ஜிகர்தண்டா, பக்கத்துல ஜவுளிக்கடை. ஆனா அந்த விளக்கு பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டரோட ஞாபகார்த்தம். 1834-ல இருந்து 1847 வரைக்கும் இங்க கலெக்டரா இருந்தவர். விஸ்வநாத நாயக்கர் காலத்துல இருந்து ஊரைச் சுத்தி நின்ன கோட்டையை இடிச்சு, அகழியைத் தூர்த்தது அவர்தான். எப்படி இடிச்சார்ங்கறது இன்னும் சுவாரஸ்யம். இவ்வளவு நீளம் சுவரை இடிச்சு இவ்வளவு நீளம் அகழியை நிரப்பறியா, அந்த நிலம் உனக்குன்னுட்டார். ஜனங்க தானா வந்து இடிச்சாங்க. வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அப்படி முளைச்சதுதான். மாரட் நில அளவைக்காரர், பெருமாள் வேலையை மேற்பார்த்த மேஸ்திரி. ஒரு மேஸ்திரி பேர்ல வீதி இருக்கிறது எத்தனை ஊருக்கு வாய்ச்சிருக்கு, சொல்லுங்க.

இப்ப அந்தக் காலத்து லண்டனை நினைச்சுப் பாருங்க. கம்பெனி தலைமை ஆபீஸ்ல 1819-ல இருந்து ஜேம்ஸ் மில். பெந்தாமோட வலது கை. 1817-ல இந்திய வரலாறுன்னு தடிதடியா எழுதினவர், இந்தியாவுக்கு ஒரு தடவை கூட வராதவர். ஒரு சமூகம் பெரிய பெரிய கட்டடம் கட்டியிருக்குங்கறதுக்காக அது நாகரிகமான சமூகம்னு சொல்லிற முடியாது, அதனால யாருக்கு என்ன பயன்னு பாருங்கற கட்சி. கம்பெனி அதிகாரிகளைத் தயார் பண்ணின ஹெய்லிபரி கல்லூரில பொருளாதார வாத்தியார் யாரு? ஜனத்தொகைக் கணக்கு போட்ட மால்தஸ். இந்தக் காத்தைச் சுவாசிச்சு வளர்ந்த ஒரு நிர்வாகத்துக்கு மதுரைக் கோட்டை எப்படித் தெரியும்? தேங்கின அகழித் தண்ணி, காய்ச்சல், காத்து நுழையாத நெரிசல், காசு தராத கல்லு. அவ்வளவுதான். எத்தனை பேருக்கு எவ்வளவு நன்மைங்கற அந்தக் கணக்கைப் படிக்க லண்டனுக்கு டிக்கெட் போட வேண்டாம். மேல வெளி வீதில இருந்து தெற்கு வெளி வீதிக்கு டவுன் பஸ்ல போனாப் போதும். அந்தத் தத்துவத்து மேலதான் பஸ் ஓடுது.

ஐயோ பாவம் கோட்டைன்னு அழறதுக்கும் நான் வரல. அந்தத் தூணை நிறுத்த ஊர்க்காரங்கதான் மனசாரக் காசு போட்டாங்க. இடிக்கிறது வெள்ளைக்காரனுக்கு மட்டும் தெரிஞ்ச வித்தையும் இல்ல. அம்மன் சன்னதிக்குக் கிழக்க விட்டவாசல்னு ஒரு பழைய வாசல் நிக்குதே, அது பாண்டியர் கோட்டையோட மிச்சம். நாயக்கர் பழைய கோட்டையை இடிச்சுட்டுப் புதுசு கட்டினப்ப இதை மட்டும் விட்டதால விட்டவாசல். "தாமரை வடிவ நகரம், எல்லாம் அன்னைக்கே நம்மாளு போட்ட பிளான்"னு வாட்ஸப்ல ஃபார்வர்டு பண்ற சித்தப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் இது. தாமரைன்னு பரிபாடல் சொல்லுது, சரி. ஆனா நாம சுத்துற சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளோட வடிவம் நாயக்கர் கை பட்டது. மாசித் திருவிழாவைச் சித்திரைக்கு மாத்தி, சித்திரைத் தேரை மாசி வீதில ஓட விட்டதும் திருமலை நாயக்கர்தான். இந்த ஊரு ஒரு நாளும் கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருந்ததில்ல.

அடுத்தது தெற்குக் கோபுரம். 160 அடிக்கு மேல. உள்ள போகப் போக எல்லாம் சின்னதாகி, கடைசில இருட்டு, கருவறை, ஒரு தீபம். இதை ஐரோப்பா எப்படிப் பார்த்துச்சு தெரியுமா? 1820-கள்ல பெர்லின்ல ஹெகல் அழகியல் பாடம் எடுக்கிறார். கட்டடக்கலைக்கு மூணு படிக்கட்டு வச்சார்: குறியீட்டு நிலை, செவ்வியல் நிலை, ரொமான்டிக் நிலை. கிரேக்கக் கோயில் நடுப்படி, கோதிக் சர்ச் மேல்படி. எகிப்தும் இந்தியாவும் கீழ்ப்படி. எண்ணம் இன்னும் தனக்கேத்த உருவம் கிடைக்காமத் தடுமாறிட்டு இருக்கிற இடமாம் நாம. ஐயா இந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்ல. அப்புறம் ஜேம்ஸ் ஃபெர்குசன். அவுரி வியாபாரத்துக்குக் கல்கத்தா வந்து, ஊர் ஊராச் சுத்தி, 1876-ல இந்தியக் கட்டடக்கலை வரலாறு எழுதினவர். 'திராவிட பாணி'ங்கற பெட்டியை நிலைக்க வச்சவர். இவருக்கு நம்ம கோயில் அமைப்பு மேல பெரிய மனத்தாங்கல். வெளிய பிரம்மாண்டம், உள்ள போனா சின்னது, இப்படி இறங்கு வரிசைல கட்டினா எடுபடுமான்னு. அவர் மனசுல இருந்தது நடுவுல கும்பமேளா மாதிரி எழும்பி நிக்கிற ஒரு குவிமாடம். கண்ணுக்கு உச்சம் நடுவுல இருக்கணும். இங்க வர்றவனுக்கோ கண்ணு மெல்ல மெல்ல அணைஞ்சாத்தான் உச்சம். எங்க அப்பத்தா கோபுரத்தை ரோட்டுல நின்னே கும்பிட்டுட்டு, உள்ள போனா கண்ணை மூடிக்கும். அதுக்கு இருந்த தெளிவு ஃபெர்குசனுக்கு இல்ல.

இதுல எரிச்சல் என்னன்னா, ஹெகலோட படிக்கட்டு இன்னும் நம்ம மண்டைக்குள்ள பத்திரமா இருக்கு. "கிழக்கின் ஏதென்ஸ்"னு நாமளே போர்டு மாட்டிக்கிறோமே, அது என்னவாம்? ஏதென்ஸ்ல எவனாவது "மேற்கின் மதுரை"ன்னு டீ-ஷர்ட் போட்டுட்டுத் திரியறானா?

"மேற்கு"ன்னு ஒத்தையாச் சொல்றதே தப்புங்கறதுக்கு ஊரை விட்டு வெளிய வாங்க. வைகையோட மானாமதுரைப் பக்கம் போனா இடைக்காட்டூர். வயக்காட்டு நடுவுல திடீர்னு ஒரு பிரெஞ்சு கோதிக் சர்ச். ரீம்ஸ் நகரத்துப் பேராலயத்தை மாதிரியா வச்சு 1894-ல ஃபெர்டினாண்ட் செல்ங்கற ஜேசு சபைப் பாதிரியார் கட்டினது, விதவிதமா அச்சுல வார்த்த செங்கல்லும் சுடுமண்ணுமா. திரு இருதய ஆண்டவர் கோயில். சும்மா அழகுன்னு பார்த்துட்டு வந்துறாதீங்க. 1870-71-ல பிரான்ஸ் போர்ல தோத்து, பாரிஸ் கம்யூன் ரத்தத்துல முடிஞ்ச பின்னாடி, புரட்சியும் பகுத்தறிவும் பண்ணின பாவத்துக்குப் பரிகாரம்னு ஒரு கூட்டம் திரு இருதய பக்தியைக் கைல எடுத்துச்சு. பாரிஸ் குன்று மேல வெள்ளையா நிக்குதே சாக்ரே-கேர், அது 1875-ல அப்படி ஆரம்பிச்சதுதான். பதிலுக்குக் குடியரசுக் கட்சி ஆட்சி 1880-ல ஜேசு சபைக்காரங்களை பிரான்ஸை விட்டே துரத்துச்சு. வால்டேருக்கும் பாதிரியாருக்கும் நடந்த நூறு வருஷச் சண்டைல ஒரு கட்சியோட கட்டடம் நம்ம வைகைக் கரையில, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவுல நிக்குது. அண்ணன் பாரிஸ்ல பார்த்தது அதோட அக்கா. தங்கச்சி 40 கிலோமீட்டர்குள்ள இருக்கு, பார்த்ததில்ல.

அமெரிக்கன் காலேஜ் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. 1881-ல பசுமலைல ஆரம்பிச்சு, பின்னாடி வைகைக்கு வடக்க வந்து, மைசூர் அரண்மனை கட்டின ஹென்றி இர்வின் போட்ட செங்கல் சிவப்புல நிக்குது. அமெரிக்கப் பாதிரிமாருக்கு ஒரு ஐரிஷ்காரர் முகலாயச் சாயல்ல கட்டிக் குடுத்த கட்டடம். யாரு கிழக்கு, யாரு மேற்குன்னு பிரிச்சுக் காட்டுங்க பார்ப்போம்.

எனக்குப் பிடிச்ச வெள்ளைக்காரர் ஒருத்தர் உண்டு. பேட்ரிக் கெடஸ். ஸ்காட்லாந்து, டார்வின் கட்சி ஹக்ஸ்லிகிட்ட உயிரியல் படிச்சவர், அப்புறம் ஊர்களைப் படிக்க வந்தவர். 1914-15-ல மெட்ராஸ் மாகாண ஊர்களைப் பார்த்து அறிக்கை எழுதினப்ப மதுரையும் அதுல உண்டு. ஊருங்கறது உயிரு, கண்ட இடத்துல கத்தி வைக்காதேங்கறது அவர் வாதம். நேரா அகலமா ரோடு போடறேன்னு இன்ஜினியர்கள் ஏழை வீட்டை வாரிக் கொட்டறதைக் கடுமையாத் திட்டினார். முதல்ல நோயைக் கண்டுபிடி, விழுந்த வீடு ரெண்டை மட்டும் எடு, அந்த இடத்துல ஒரு மரம் வை. தேரோடும் வீதிங்கறது எவ்வளவு பெரிய நகரத் திட்டம்னு ஐரோப்பாவுக்கே சொன்னவர். பின்னாடி இந்தூர்ல, தீபாவளி ஊர்வலம் எந்தத் தெரு சுத்தமா இருக்கோ அந்த வழியாத்தான் போகும்னு அறிவிச்சு மொத்த ஊரையும் கழுவ வச்சார். மாசி வீதில தேர் வர்றதுக்கு மொத நா ராத்திரி எங்க தெரு அம்மாக்கள் வாசல்ல என்ன பண்ணுவாங்கன்னு தெரிஞ்சவனுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா அதை ஒரு கொள்கையாப் பார்க்க அந்த ஆளால முடிஞ்சுது.

இவ்வளவும் எதுக்குக் கத்துறேன்னா, புதுமண்டபம்.

திருமலை நாயக்கர் கட்டினது. வசந்த விழாவுக்கு. எனக்குத் தெரிஞ்ச புதுமண்டபம் தையல் மிஷின் சத்தம். யாளிக்குக் கீழ டெய்லர், நாயக்கர் சிலைக்குப் பக்கத்துல பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல். அழகர் ஆத்துல இறங்கறப்ப தண்ணி பீய்ச்சறவங்க போடற உடுப்பெல்லாம் அங்கதான் தைப்பாங்க. எனக்கும் அஞ்சு வயசுல ஒண்ணு தச்சாங்க, தொப்பியோட. 2022-ல கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. மண்டபத்தைப் பழைய நிலைக்குக் கொண்டார.

நியாயம் இல்லாம இல்ல. ஆணி அடிச்சிருந்தாங்க, புகை, ஒயர், தீ பிடிச்சா என்னாகும்னு பயம். எல்லாம் நிஜம். சிலையோட மூக்கு மழுங்கினதை நானே பார்த்திருக்கேன். ஆனா "பழைய நிலை"ன்னா எந்த நிலைண்ணே? 1630-களா? டேனியல் வந்து படம் வரைஞ்ச 1790-களா? எங்க தாத்தா வேட்டி தச்ச வருஷமா? ஒரு கட்டடத்துக்கு ஒரே ஒரு உண்மையான தேதி உண்டு, அதுக்குப் பின்னாடி வந்ததெல்லாம் அழுக்குங்கறது ஆகமத்துல இருந்து வந்ததா? சிற்ப சாஸ்திரத்துல இருந்து வந்ததா? அது 19-ம் நூற்றாண்டு பிரான்ஸ். மனுஷனை வெளிய அனுப்பிட்டு, வெளிச்சம் போட்டு, சும்மா நின்னு பாருங்கறது மியூசியத்தோட புத்தி. அந்தப் புத்திக்கு நம்ம ஊர்க் கல்லே ஒரு உதாரணம் இருக்கு. மதனகோபால சுவாமி கோயில்ல பிரிச்சுக் கிடந்த மண்டபக் கற்களை 1912-ல அடலின் பெப்பர் கிப்சன்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி வாங்கிட்டுப் போய், அறுபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் இன்னைக்கு ஃபிலடெல்ஃபியா மியூசியத்துல மண்டபமா நிக்குது. அருமையாப் பராமரிக்கிறாங்க. ஒரு விரல் படாது. ஒரு தையல் மிஷினும் கிடையாது.

நம்ம பாரம்பரியத்தை நாமே காப்பாத்தறோம்னு மார்தட்டறவங்ககிட்ட நான் கேக்கறது அதான். காப்பாத்துங்க. ஆனா யாரோட யோசனையை வச்சுக் காப்பாத்தறீங்கன்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுங்க. பிளாக்பர்னுக்கு அது தெரிஞ்சிருந்துச்சு. கெடஸ் எழுதியே வச்சார். நம்ம டெண்டர்ல அது எந்தப் பக்கத்துல இருக்கு? ஸ்மார்ட் சிட்டி பேர்ல எங்க ஏரியாவுல கல்லு பதிச்சப்ப வாசப்படி எல்லாம் ரோட்டுக்குக் கீழ போயிருச்சு, முத மழைக்கே தண்ணி வீட்டுக்குள்ள. ஏன்னு கேட்டா டிசைன் அப்படின்னாங்க. நோயைப் பார்த்துட்டுக் கத்தியை எடுன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் இந்த ஊருக்குன்னு வந்து சொல்லிட்டுப் போயிட்டார்யா.

சீனியர் அண்ணனைக் கடைசில விளக்குத்தூணுக்குக் கூட்டிட்டுப் போய் ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்தேன். தூணைக் காட்டி யாருதுன்னு தெரியுமாண்ணேன்னேன். அண்ணாந்து பார்த்துட்டு, "நாயக்கரா?"ன்னார். அப்புறம் அவரே கொஞ்ச நேரம் கழிச்சு, "டேய், அந்த இடைக்காட்டூருக்கு பஸ் எங்க ஏறணும்?"

ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தோம்.